பாரிஸ்டர் படிப்பை முடித்தும் பட்டம் வாங்காத திருச்சிக்காரர்... யார் இந்த வ.வே.சு. ஐயர்?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போறவங்களுக்கு முதல் தலைவலி விசா இல்லை, சர்டிபிகேட்தான். இங்கே வாங்கிய மார்க்‌ஷீட்டை அங்கே ஏத்துக்குவாங்களா? அங்கே வாங்கப்போற டிகிரி திரும்பி வந்தா இங்கே செல்லுமா? திருச்சியில் பாஸ்போர்ட் எடுக்க வரிசையில் நிற்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் இந்த இரண்டு கேள்வியும் வரும்.

இதே கேள்விகளோடு சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு திருச்சியிலிருந்து கப்பல் ஏறியவர்களில் ஒருவர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். சுருக்கமாக வ.வே.சு. ஐயர். பாடப்புத்தகத்தில் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று படித்திருப்போம். 'குளத்தங்கரை அரசமரம்' என்ற கதையின் பெயரும் நினைவிருக்கலாம்.

ஆனால் அவர் லண்டன் போனது கதை எழுத இல்லை. அன்றைய இந்தியாவில் மிக மதிப்புள்ள வெளிநாட்டுத் தகுதியான பாரிஸ்டர் பட்டத்தை வாங்கத்தான். மூன்று வருடம் அங்கே இருந்தார், படிப்பையும் முடித்தார். பட்டத்தை மட்டும் வாங்கவில்லை.

ஏன்? அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை என்ன ஆனது?

வரகனேரியில் தொடங்கிய கதை

திருச்சி மாநகருக்குள் இன்று நெரிசலான பகுதியாக இருக்கும் வரகனேரியைச் சேர்ந்தவர் ஐயர். பிறந்தது 1881 ஏப்ரல் 2. அப்பா வேங்கடேச ஐயர், அம்மா காமாட்சி. ஊர்ப் பெயரின் முதல் எழுத்து, அப்பா பெயரின் முதல் எழுத்து, தன் பெயரின் முதல் எழுத்து எல்லாம் சேர்ந்துதான் வ.வே.சு.

மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் புனித ஜோசப் கல்லூரியில் அவர் பி.ஏ. படித்தார். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்டு, 1883-ல் திருச்சிக்கு இடம் மாறிய கல்லூரி அது. இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்தியதால் லத்தீன் மொழியும் அங்கே சொல்லித்தரப்பட்டது. ஐயர் அதையும் எடுத்துப் படித்தார். திருச்சிப் பையனுக்கு லத்தீன் எதற்கு என்று அப்போது யாராவது கேட்டிருக்கலாம். பின்னாளில் அது உதவக்கூடிய இடம் ஒன்று வந்தது.

பட்டம் வாங்கிய கையோடு சென்னையில் பிளீடர் தேர்வு எழுதித் தேறினார். திரும்பி வந்து திருச்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபதைத் தாண்டி ஓரிரு வயதுதான். திருமணமும் முன்பே ஆகியிருந்தது. மனைவி பெயர் பாக்கியலட்சுமி.

வக்கீல் ஆன பிறகும் ஏன் லண்டன்?

இங்கேதான் அன்றைய சர்டிபிகேட் அரசியல் வருகிறது.

இப்போது இந்தியாவில் சட்டம் படித்துப் பார் கவுன்சிலில் பதிவு செய்த எல்லோருமே வழக்கறிஞர்தான். ஒரே வகுப்பு. 1961-ல் வந்த வழக்கறிஞர்கள் சட்டம்தான் அதை உறுதி செய்தது. அதற்கு முன்பு அப்படி இல்லை. நீதிமன்றத்துக்குள்ளேயே ஏணிப்படி மாதிரி அடுக்குகள் இருந்தன.

பிளீடர் தேர்வு எழுதியவர்கள் மாவட்ட அளவிலான நீதிமன்றங்களில் வாதாடலாம். சட்டப் பட்டமான பி.எல். வாங்கியவர்கள் உயர் நீதிமன்ற வக்கீல் ஆகலாம். இவர்களுக்கெல்லாம் மேலே பாரிஸ்டர்கள். அந்தத் தகுதியை இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகமும் தர முடியாது. லண்டனில் உள்ள நான்கு பழைய சட்ட மன்றங்களில் ஒன்றில் சேர்ந்து, அவர்கள் கையால்தான் வாங்க வேண்டும். லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் ஆகியவைதான் அந்த நான்கு.

அதாவது, திருச்சியில் எவ்வளவு திறமையாக வாதாடினாலும் கையில் இருக்கும் தாள் ஒரு எல்லையைத் தாண்ட விடாது. அந்த எல்லையைத் தாண்ட வைக்கும் தாள் லண்டனில் இருந்தது.

நேராக லண்டன் போக முடியுமா? செலவு பெரியது. அதனால் ஐயர் முதலில் போனது ரங்கூனுக்கு. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதிதான் என்பதால், அது வெளிநாடாகவே கருதப்படவில்லை. தமிழர்கள் ஏராளமாக வாழ்ந்த, பணம் புழங்கிய ஊர். 1906-ல் அங்கே போய் ஓர் ஆங்கிலேய பாரிஸ்டரிடம் ஜூனியராக வேலை பார்த்தார். அடுத்த ஆண்டே, 1907-ல், லண்டன் போய் லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார்.

காவிரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர்

இதே பாதையில் இன்னொரு திருச்சிக்காரரும் போனார். காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த டி.எஸ்.எஸ். ராஜன். 1880-ல் பிறந்தவர், ஐயரைவிட ஒரு வயது மூத்தவர். அவரும் திருச்சியில் பள்ளிப்படிப்பை முடித்து, சென்னை ராயபுரம் மருத்துவப் பள்ளியில் படித்து, பர்மாவில் வேலை பார்த்து, பிறகு லண்டன் போனவர். இன்றைய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் அந்த ராயபுரம் பள்ளிதான்.

ராஜனின் சிக்கல் இன்றைய மாணவர்களுக்கு நன்றாகப் புரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முழு மருத்துவப் பட்டத்துக்கு இங்கிலாந்தில் அப்போது அங்கீகாரம் இருந்தது. ஆனால் ராயபுரம் போன்ற மருத்துவப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. நோயாளிகளைப் பார்த்துப் பல வருட அனுபவம் இருந்தாலும் கணக்கில் வராது. அதனால் ஏற்கனவே மருத்துவராக இருந்த ராஜன், லண்டனில் மறுபடியும் மாணவராக உட்கார்ந்து படித்து, எம்.ஆர்.சி.எஸ். தகுதியை வாங்கினார்.

முழுப் பட்டத்துக்கு இருந்த அங்கீகாரமும் நிரந்தரமாக இல்லை. 1930-ல் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இந்திய மருத்துவப் பட்டங்களுக்குக் கொடுத்துவந்த அங்கீகாரத்தை நிறுத்தியது. அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் 1933-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. நம்ம ஊர்ப் பட்டத்தின் தரத்தை இன்னொரு நாடு தீர்மானிக்கும்போது, ஒரே நாளில் அது செல்லாத காசாகவும் ஆகலாம் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

லிங்கன்ஸ் இன்னில் என்ன கேட்டார்கள்?

ஐயரின் நிலைமை ராஜனைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. சட்ட மன்றங்களில் சேர ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. ஆங்கிலம், லத்தீன், இங்கிலாந்து வரலாறு ஆகியவை அதில் பாடங்கள். ஆனால் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றில் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. சென்னைப் பல்கலைக்கழக பி.ஏ. கையில் இருந்ததால் அந்தக் கதவு திறந்துவிட்டது. இன்றைய மொழியில் சொன்னால், அவருடைய திருச்சி டிகிரிக்கு ஈக்குவலன்ஸ் கிடைத்தது.

சேர்ந்த பிறகு ரோமானியச் சட்டம், இங்கிலாந்துச் சட்டம் எல்லாம் படிக்க வேண்டும். ரோமானியச் சட்டத்துக்கு லத்தீன் தெரிந்திருப்பது பெரிய உதவி. புனித ஜோசப் கல்லூரியில் படித்தது அங்கே கைகொடுக்கக்கூடியதுதான்.

இதில் விநோதமான இன்னொரு நிபந்தனையும் இருந்தது. தேர்வு மட்டும் போதாது, 12 பருவங்கள் வருகை காட்ட வேண்டும். வருடத்துக்கு 4 பருவம் என்றால் மொத்தம் மூன்று வருடம். வருகை என்றால் வகுப்புக்குப் போவது இல்லை. மன்றத்தின் கூடத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து இரவு விருந்து சாப்பிடுவது! ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்து சாப்பிட்டால்தான் அந்தப் பருவம் கணக்கில் வரும்.

காந்தியும் 1888 முதல் 1891 வரை இன்னர் டெம்பிளில் இப்படித்தான் பாரிஸ்டர் ஆனார். இறைச்சியும் மதுவும் பரிமாறப்படும் அந்த விருந்துகளில் தான் பட்ட பாட்டை அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நான்கு பேர் கொண்ட ஒரு மேசைக்கு இரண்டு பாட்டில் ஒயின் தருவார்கள். குடிக்காத காந்தி உடன் இருந்தால் மற்ற மூன்று பேருக்கும் அதிகம் கிடைக்கும். அதனாலேயே அவரைத் தங்கள் மேசைக்கு இழுக்கப் போட்டி இருந்ததாம்.

அறிவை மட்டும் சோதித்துத் தரும் பட்டம் இல்லை அது. ஆங்கிலேயக் கனவானாக உட்காரவும், பேசவும், சாப்பிடவும் பழகியவன் என்பதற்கான அடையாளமும் சேர்ந்ததுதான் அந்தச் சான்றிதழ்.

இந்தியா ஹவுஸ்: படிக்கப் போன இடத்தில் நடந்தது

லண்டனில் ஹைகேட் பகுதியில் இந்தியா ஹவுஸ் என்று ஒரு விடுதி இருந்தது. ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா என்பவர் 1905-ல் இந்திய மாணவர்களுக்காகத் தொடங்கியது. பேருக்கு விடுதி, உண்மையில் விடுதலை அரசியலின் மையம். விநாயக் தாமோதர் சாவர்க்கர் அங்கேதான் தங்கி கிரேஸ் இன்னில் சட்டம் படித்தார். ஐயரும் ராஜனும் அந்த வட்டத்துக்குள் வந்தார்கள்.

ஊரில் இருந்து வரும்போது தொழிலில் மேலே போக வேண்டும் என்று வந்த ஐயர், இங்கே கொஞ்சம் கொஞ்சமாக வேறு மனிதர் ஆனார். சாவர்க்கருக்கு நெருங்கிய தோழராகவும், ஆயுதம் ஏந்திய போராட்டத்தை நம்புகிறவராகவும் மாறினார். பாரதியார் நடத்திய 'இந்தியா' பத்திரிகைக்கு லண்டனில் இருந்து எழுதவும் செய்தார்.

1909 ஜூலை 1 அன்று இந்தியா ஹவுஸோடு தொடர்புடைய மாணவர் மதன்லால் திங்ரா, லண்டனில் கர்சன் வில்லி என்ற அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அடுத்த மாதமே திங்ரா தூக்கிலிடப்பட்டார். அதன் பிறகு லண்டனில் இருந்த இந்திய மாணவர்கள் எல்லோருமே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டார்கள்.

அந்த ஆண்டு நடந்ததைக் கவனித்தால், சர்டிபிகேட் எப்படி ஓர் ஆயுதம் ஆனது என்பது புரியும். தேர்வில் தேறியிருந்த சாவர்க்கரை பாரிஸ்டராக ஏற்க கிரேஸ் இன் மறுத்தது. கிருஷ்ணவர்மாவின் பெயரை இன்னர் டெம்பிள் தன் பட்டியலில் இருந்தே நீக்கியது. இந்திய மாணவர்களைக் கவனிக்க என்றே 1909-ல் பிரிட்டிஷ் அரசு லண்டனில் ஒரு தனி அலுவலகத்தைத் திறந்தது. உதவி செய்வதற்கு என்று சொன்னார்கள். கண்காணிக்கத்தான் என்று மாணவர்கள் நம்பினார்கள். மார்க் சர்டிபிகேட் மட்டும் இருந்தால் போதாது, நன்னடத்தைக்கும் அதிகாரிகளிடமிருந்து சான்று வேண்டும் என்ற நிலை உருவானது.

பட்டம் வேண்டாம் என்ற முடிவு

இந்தச் சூழலில்தான் ஐயரின் மூன்று வருடம் முடிந்தது. பாரிஸ்டருக்கான படிப்பை முடித்திருந்தார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சடங்கு, முறைப்படி பட்டம் ஏற்பது.

அவர் அதை ஏற்கவில்லை. பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதி சொல்ல மனம் ஒப்பாமல் மறுத்தார் என்பதே அவரது வாழ்க்கை வரலாறுகளில் சொல்லப்படும் காரணம்.

இதை இன்றைய கணக்கில் யோசித்துப் பாருங்க. வீட்டில் மனைவி காத்திருக்கிறார். லண்டன் செலவுக்குப் பணம் போயிருக்கிறது. அந்த ஒரு தாள் கையில் இருந்தால் சென்னையிலோ ரங்கூனிலோ எந்த நீதிமன்றத்திலும் தலைநிமிர்ந்து நுழையலாம். சம்பாத்தியம், மரியாதை எல்லாம் அதோடு வரும். வாங்காமல் போனால் திருச்சி பிளீடர் என்ற பழைய தகுதி மட்டும்தான் மிச்சம். போலீஸ் தேடும் நிலையில் அதை வைத்தும் தொழில் நடத்த முடியாது. எல்லாம் தெரிந்தேதான் வேண்டாம் என்று விட்டார்.

1910 மார்ச்சில் சாவர்க்கர் லண்டனில் கைது செய்யப்பட்டார். அடுத்த குறி தான்தான் என்பது ஐயருக்குத் தெரியும். லண்டனை விட்டுக் கிளம்பிப் பாரிஸ் போனார். பிறகு மாறுவேடத்தில், போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி, ஐரோப்பா வழியாகக் கப்பல் மாறி மாறி வந்து, 1910 முடிவதற்குள் புதுச்சேரியில் கரையேறினார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் பிரிட்டிஷ் போலீஸால் அங்கே கைது செய்ய முடியாது.

அங்கிருந்து திருச்சி ஒரு நாள் பயணம்தான். ஆனால் சுமார் பத்து வருடம் அவரால் சொந்த ஊருக்கு வர முடியவில்லை.

புதுச்சேரியில் பத்து வருடம்

புதுச்சேரியில் ஏற்கனவே பாரதியார் இருந்தார், அரவிந்தரும் வந்து சேர்ந்திருந்தார். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஐயரின் பெயர் பிரிட்டிஷ் போலீஸின் சந்தேகப் பட்டியலில் இன்னும் மேலே போனது. வீட்டைச் சுற்றி எப்போதும் உளவாளிகள்.

நீதிமன்றத்துக்குப் போக முடியாத அந்தச் சட்ட மாணவர், அந்தப் பத்து வருடத்தில் என்ன செய்தார்? எழுதினார். தமிழ், ஆங்கிலம், லத்தீன் தவிர இன்னும் பல மொழிகளைப் படித்திருந்தார். 1916-ல் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். கம்ப நிலையம் என்ற பதிப்பகத்தை நடத்தினார். நெப்போலியன், கரிபால்டி போன்றவர்களின் வரலாற்றைத் தமிழில் தந்தார். 'மங்கையர்க்கரசியின் காதல்' என்ற சிறுகதைத் தொகுப்பு வந்ததும் அந்தக் காலத்தில்தான். குளக்கரையில் நிற்கும் ஒரு மரமே கதை சொல்வதுபோல எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' அதில் உண்டு. தமிழின் முதல் சிறுகதை எது என்ற விவாதம் வரும்போதெல்லாம் அந்தப் பெயர் வருகிறது.

திரும்பி வந்த ஐயர்

முதல் உலகப் போர் முடிந்து பொதுமன்னிப்பு வந்த பிறகு, ஐயர் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் திரும்பினார். ஆயுதப் போராட்டத்தின் மீதிருந்த நம்பிக்கை மாறி, காந்தியின் வழிக்கு வந்திருந்தார். சென்னையில் 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியர் ஆனார். அதில் வந்த எழுத்துக்காக 1921-ல் ராஜத்துரோக வழக்கு பாய்ந்தது. ஒன்பது மாதச் சிறை, பெல்லாரியில். அங்கே உட்கார்ந்து கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு நூல் எழுதினார்.

அடுத்த ஆண்டு, 1922-ல், காந்தியை பாரிஸ்டர் பட்டியலில் இருந்து இன்னர் டெம்பிள் நீக்கியது. காரணம், இந்தியாவில் அவருக்குக் கிடைத்த ராஜத்துரோகத் தண்டனை. ஐயரிடம் நீக்குவதற்கு எதுவும் இருக்கவில்லை.

சேரன்மாதேவியில் வந்த கேள்வி

ஐயரின் வாழ்க்கையில் மிகவும் விமர்சிக்கப்பட்ட பகுதி கடைசி மூன்று ஆண்டுகள். அதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது.

அரசு தரும் சான்றிதழை நம்பாத, நாட்டுக்குப் பயன்படும் கல்வி வேண்டும் என்ற எண்ணம் ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் நாடு முழுக்க இருந்தது. அரசுப் பள்ளிகளை விட்டு வெளியே வந்த மாணவர்களுக்குத் தேசியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஐயரும் திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் தொடங்கினார். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, முதல் தவணையாக 5,000 ரூபாய் கொடுத்தது. பல சாதியினரும் நன்கொடை தந்தார்கள்.

ஆனால் அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பெற்றோர் கேட்டுக்கொண்டதால் அப்படிச் செய்வதாக ஐயர் தரப்பு விளக்கம் சொன்னது. பொதுப் பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் பந்தி பிரிப்பதா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தார்கள். 1925-ல் அது தமிழ்நாடு காங்கிரஸையே உலுக்கிய விவகாரம் ஆனது. பெரியார் அதே ஆண்டு காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கான பின்னணியில் சேரன்மாதேவிக்கும் இடம் உண்டு.

ஐயர் மற்ற சாதியினரோடு சேர்ந்து சாப்பிடத் தயங்கியவர் இல்லை. ஆனால் அந்த இரண்டு குழந்தைகள் விஷயத்தில் உறுதியாக இல்லை என்று சொல்ல மறுத்தார். கடைசியில் 1925 ஏப்ரலில் குருகுலப் பொறுப்பில் இருந்து விலகினார்.

யோசித்துப் பார்த்தால், லண்டனில் அவர் நிராகரித்த சான்றிதழும் சேரன்மாதேவியில் பந்தியைப் பிரித்ததும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன. யாரை எங்கே உட்கார வைப்பது என்பதை எது முடிவு செய்ய வேண்டும்? லிங்கன்ஸ் இன் கூடத்தில் சேர்ந்து சாப்பிட்டால்தான் தகுதி. சேரன்மாதேவியில் சேர்ந்து சாப்பிடாமல் இருப்பதே சிலருக்குத் தகுதி. முதலாவதை உதறிய தைரியம் இரண்டாவதில் அவருக்கு வரவில்லை. அவரை மதிப்பவர்களும் இதை மறுப்பதில்லை.

அதன் பிறகு ஐயருக்கு அதிக நாள் இல்லை. 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவிக்குக் குடும்பத்தோடு போயிருந்தார். மகள் சுபத்திரா தண்ணீரில் அடித்துச் செல்லப்பட, காப்பாற்றப் பாய்ந்தார். இருவருமே திரும்பவில்லை. அப்போது ஐயருக்கு வயது 44.

ராஜன் என்ன ஆனார்?

ஸ்ரீரங்கத்து ராஜன் வேறு முடிவு எடுத்தவர். லண்டன் தகுதியை வாங்கிக்கொண்டே ஊர் திரும்பினார். திருச்சியில் மருத்துவம் பார்த்தார், காங்கிரஸில் சேர்ந்தார். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக யாத்திரை கிளம்பியது திருச்சியில் இருந்த ராஜன் வீட்டில் இருந்துதான். ராஜனும் சிறை போனார். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத் துறை அமைச்சர் ஆனார். தன் நண்பர் ஐயரின் வாழ்க்கை வரலாற்றையும் தமிழில் எழுதினார். 1953-ல் காலமானார்.

பட்டம் வாங்கியதால் ராஜனின் நாட்டுப்பற்று குறையவும் இல்லை, வாங்காததால் ஐயரின் படிப்பு வீணாகவும் இல்லை. ஒரு மருத்துவருக்கு நோயாளியைத் தொட அந்தத் தாள் தேவைப்பட்டது. அரசை எதிர்க்கத் துணிந்த வக்கீலுக்கு அதே அரசின் தாள் சுமையாகத் தெரிந்தது. ஒரே ஊர், ஒரே கப்பல் பாதை, இரண்டு நியாயம்.

இன்று இதே பாதையில் போகிறவர்களுக்கு...

விருந்து சாப்பிட்டு வருகை காட்டும் காலம் இல்லை. ஆனால் சான்றிதழை நிரூபிக்கும் வேலை அப்படியே இருக்கிறது.

* இந்தியச் சான்றிதழ் வெளிநாட்டில்: பல நாடுகள் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையைக் கேட்கும். அதற்கான சர்வதேச உடன்படிக்கை இந்தியாவில் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. மாநில அளவிலான சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் இந்த முத்திரை கிடைக்கும்.

* ஜெர்மனி: 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் ஏ.பி.எஸ். என்ற சரிபார்ப்புச் சான்று பெறுவது கட்டாயம். பிளஸ் டூ மட்டும் முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் நேரடியாக இடம் கிடைக்காது. ஓராண்டு ஆயத்தப் படிப்பு தேவைப்படும்.

* வெளிநாட்டுச் சான்றிதழ் இந்தியாவில்: பள்ளிச் சான்றிதழ், பட்டம் ஆகியவற்றுக்குச் சமநிலை வழங்குவது குறித்து யுஜிசி 2025-ல் புதிய விதிமுறைகளை அறிவித்தது. சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு அந்தந்தக் கவுன்சிலின் விதிகள்தான்.

* சட்டப் படிப்பு: வெளிநாட்டில் சட்டம் படித்த இந்தியர் இங்கே வாதாட வேண்டும் என்றால், அந்தப் பட்டத்துக்கு இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்க வேண்டும், தகுதித் தேர்வும் எழுத வேண்டும். ஐயர் காலத்தில் லண்டன் பட்டம் இங்கே எல்லாக் கதவையும் திறந்தது. இப்போது அதே லண்டன் பட்டம் டெல்லியில் ஒப்புதல் வாங்க வேண்டும்.

கல்லூரியில் சேருவதற்கு முன்பே, நாம் படிக்கப்போகும் படிப்பை எந்த அமைப்பு, எந்த நாட்டில் அங்கீகரிக்கிறது என்று அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது. ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டினால், படிப்பு முடிந்த பிறகு ராஜன் மாதிரி மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டி வரலாம்.

இந்த நான்கு சட்ட மன்றங்களில் இன்னர் டெம்பிள், காந்தியின் பெயரை 1988-ல் மீண்டும் சேர்த்தது. கிருஷ்ணவர்மாவின் பெயரை 2015-ல் சேர்த்தது. ஐயர் தானாகவே விட்டுவிட்டு வந்தவர் என்பதால் அவர் பெயரைத் திருப்பிச் சேர்க்க வேண்டிய தேவையே எழவில்லை. திருச்சி வரகனேரியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவில்லமாக இருக்கிறது. நூலகமும் உண்டு. அந்தப் பக்கம் போனால் உள்ளே போய் ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம்.